ஏழாவது டிராக்

கதைக்குள் இன்றுதான் கால் வைக்கிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்க வேண்டாம். விஷயம் இவ்வளவுதான். அம்மா இறந்து ஆறு வாரம் ஆகிறது. ஒரு புதன்கிழமை மத்தியானம், கணக்குத் தப்பிப்போய், நான்கு நாள் இருதய மாத்திரையை ஒரே மூச்சில் முழுங்கிவிட்டாள் என்பதுதான் எல்லோரும் ஒப்புக்கொண்ட கதை. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவில் புதன் முதல் சனி வரை காலியாகக் கிடந்ததை வீடே பார்த்தது.

அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்து, ஞாயிறுதோறும் வந்து நிரப்பி வைத்தவள் மகள். 'நான் நிரப்பி வைக்காமல் இருந்திருந்தால்' என்று நினைத்து நினைத்தே அவள் ஆறு வாரத்தில் பாதி ஆளாகிவிட்டாள்.

மகளுக்குக் குடும்பத்தில் டேப்பு என்று பெயர். சின்ன வயதில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்ததால் வந்த பெயர், நாற்பத்திரண்டு வயதிலும் விடவில்லை. பிழைப்பும் அதுவே. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. முன்னறையில் மேசை, இரண்டு கேசட் டெக், சிடியில் பதிகிற ஒரு டிஸ்க் ரெக்கார்டர். ஊர்க்காரர்கள் பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவள் டிஸ்க்கில் ஏற்றித் தருவாள். கட்டிக்கொண்டவன் எப்போதோ கழன்றுகொண்டான். ஒண்டிக்கட்டை.

அம்மாவுக்குக் கை நடுக்கம், எழுத வராது. அதனால் டேப்பு ஒரு குட்டி கேசட் ரெக்கார்டரைக் கொடுத்து, "மனசுல வர்றதைப் பேசிட்டே இரும்மா" என்று சொல்லியிருந்தாள். அம்மா பேசினாள். கடைசிக் கேசட் அந்தப் புதன்கிழமை மத்தியானத்துடையது.

அதை டிஸ்க்கில் ஏற்ற டேப்புக்குத் தெம்பு இல்லை. "நான் பண்றேன், தனியா உட்கார்ந்து கேட்டுக்கிட்டே பண்றேன்" என்று அண்ணன்தான் டிஸ்க் ரெக்கார்டர் மெஷினையும் கேசட்டையும் வாங்கிக்கொண்டு போனான். போன வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்தான். கேசட் எங்கே என்று கேட்டதற்கு, "சிக்கி அறுந்து போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றான்.

டேப்புக்கு அப்போதே சுருக்கென்றது. அறுந்த டேப்பை ஒட்டுவதுதானே அவள் தொழில்! நாய் கடித்த கேசட்டைக்கூட ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். தங்கச்சி ஒருத்தி இருப்பது அண்ணனுக்கு மறந்தா போயிற்று?

சரி, இன்றைக்கு வருவோம்.

இன்று காலை அப்பா, ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக டேப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவரும் அம்மாவும் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. நாலு மணிக்கு அண்ணன் காரோடு வருவான். இனி அப்பா அண்ணன் வீட்டில்தான். அதுவும் அண்ணன் எடுத்த முடிவு. யாரையும் கேட்கவில்லை.

பத்தரை மணிக்கு டேப்பு மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த டிஸ்க்கை வீட்டு பிளேயரில் போட்டாள். அப்பா உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

ஏழு டிராக். மொத்தம் இருபத்தொன்பது நிமிடம்.

"டேப்பு, சிவப்பு லைட்டு எரியுது. அப்படின்னா ஓடுதுன்னு அர்த்தம்தானே?" என்று ஆரம்பித்தாள் அம்மா. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடும் அழகைப் பற்றி ஒரு டிராக். கல்யாணமான புதிதில் அப்பாவுக்குத் தெரியாமல் சைக்கிள் கற்றுக்கொண்டு முட்டியை உடைத்துக்கொண்டதைப் பற்றி ஒன்று. அம்மா பேசிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துவாள். மூன்று விநாடி பேச்சுச் சத்தம் அடங்கினால் போதும், மெஷின் தானாகவே அடுத்த நம்பரைப் போட்டுவிடும். அப்படி அப்படியே ஏழு.

ஏழாவது டிராக்கில் அம்மா மருமகளைப் பற்றிப் பேசினாள். "உங்க அண்ணி இப்பத்தான் சாப்பாடு வச்சுட்டுப் போனா. பாவம், வாயில்லாப் பூச்சி. அவளைப் பார்த்தா எனக்கு..."

அந்த இடத்தில் குரல் மெல்ல மெல்லச் சிறுத்து, தூரப்போய், ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. டிஸ்க் முடிந்தது.

அம்மா களைத்துப்போய்க் கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தான். டேப்பு அந்த இடத்தை மறுபடி கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள்.

அம்மா குரல் மட்டும் தேயவில்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் கடகடச் சத்தமும் கூடவே தேய்ந்தது.

மனுஷி தூங்கலாம். மின்விசிறியுமா தூங்கும்?

அது ஃபேட். மெஷினில் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான். ரெக்கார்டு ஓடும்போது அதை அமுக்கினால் சத்தம் நைசாக இறங்கி அடங்கும். நம்பர் போடுவது மெஷினின் வேலை, ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் போடும். ஃபேட் அப்படி இல்லை. ஒரு விரல் வேண்டும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் விரல்.

இன்னொன்றும் இருந்தது. அம்மாவுக்கு ஸ்டாப் பொத்தானைத் தொடவே பயம், ஏதாவது அழிந்துவிடும் என்று. டேப் தீர்ந்து பொத்தான் தானே 'டக்'கென்று மேலே எழும்பும்வரை ஓடவிடுவாள். இதுவரை வந்த பதினொரு கேசட்டிலும் அந்த 'டக்' உண்டு. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். இதில் இருபத்தொன்பதுதான் இருக்கிறது. மீதிப் பதினாறு நிமிடத்தை அண்ணன் என்ன செய்தான்?

மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக அப்பாவிடம் வாயைக் கிளறினாள்.

"அப்பா, அன்னைக்கு மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"நடக்கப் போயிருந்தேன்மா. எத்தனை தடவை சொல்றது?" அப்பா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "வரும்போது மணி அஞ்சரை. வந்து பார்த்தா அவ..."

"வேற யாரும் வரலியா?"

"உங்க அண்ணி சாப்பாடு கொண்டு வந்திருக்கா. எப்ப போனாளோ, எனக்கென்ன தெரியும்?" கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நாப்பது வருஷம் தபால் பிரிச்சவன் நான். ஒரு லெட்டர் மாறிப் போனதில்லை. எனக்கு எதுவும் மறக்காது. உங்கம்மாவுக்குத்தான் மறதி. நான் அன்னைக்கு நடக்கப் போகாம இருந்திருக்கணும். அதுதான் என்னை அரிச்சுட்டே இருக்கு."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. டேப்புக்கு மனது தாங்கவில்லை. இந்த மனிதரைப் போய் நோண்டுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் மனம் ஒரு திசையில் ஓட ஆரம்பித்தால் விடுமா? அந்த மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் அடிபட்ட இடத்தில்தான் ஃபேட் விழுந்திருக்கிறது. அமுக்கியது அவள் புருஷன். இப்போது அப்பாவையும் அவர்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள்.

நாலு மணி அடிப்பதற்குள் டேப்பு முடிவு செய்துவிட்டாள். அப்பாவை அனுப்பக் கூடாது.

நாலே காலுக்கு அண்ணனும் அண்ணியும் மூச்சிரைக்க வந்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தங்கச்சி குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை, அதைத் தொட கட்டடக்காரர்கள் அவனை விடமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அதற்கு ஒரு பாட்டு உண்டு. இன்று பாட்டு இல்லை. கையிலிருந்த அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தான். "உன் மெஷின். மீந்த டிஸ்க்கும் உள்ளயே இருக்கு. அப்பா ரெடியா?"

"உட்காரு. ஒரு விஷயம் கேட்கணும்."

"கார் குறுக்க நிக்குது, டேப்பு. சீக்கிரம் சொல்லு."

"ஏழாவது டிராக்ல எதுக்கு ஃபேட் போட்டே?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி சட்டென்று அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை டேப்பு கவனித்துக்கொண்டாள்.

"ஃபேடா? எனக்கென்ன தெரியும்? மெஷின் தானா பண்ணியிருக்கும்."

"யார்கிட்ட காது குத்துறே? நம்பர் தானா போடும். ஃபேட் தானா போடாது. பன்னெண்டு வருஷமா அந்த மெஷினோட குடித்தனம் பண்றேன், எனக்கே சொல்றியா?"

"அம்மா அங்கதான் பேச்சை நிறுத்தினாங்க."

"ஃபேனும் அங்கதான் நின்னுச்சா?"

உள்ளறையிலிருந்து அப்பா எழுந்து வந்து கதவோரம் நின்றார். கையில் குடை. கிளம்பத் தயாராகத்தான் இருந்தார்.

"என்னடா சத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா. நீங்க கீழ போய் காருல உட்காருங்க. நான் பெட்டியை எடுத்துட்டு வரேன்."

"அப்பா எங்கயும் வரல" என்றாள் டேப்பு.

"டேப்பு, சொன்னா கேளு." அண்ணன் குரல் தாழ்ந்தது. "சரி, நான்தான் அமுக்கினேன். போதுமா? கீழ வா. ரெண்டே நிமிஷம். தனியா பேசணும்."

"எதுக்குத் தனியா? எதுவா இருந்தாலும் அப்பா முன்னாடி பேசு. அம்மா அவருக்கு யாரோவா?"

"முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது!"

"அப்ப நான் சொல்றேன்." டேப்புக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு வாரமாகத் தன்னையே குத்திக் கிழித்துக்கொண்டிருந்தவளுக்குக் குத்துவதற்கு வேறொரு ஆள் கிடைத்துவிட்டது. நிறுத்துவாளா? "அன்னைக்கு அந்த வீட்டுக்கு வந்தது அண்ணி மட்டும்தான். அம்மா அண்ணியைப் பத்திப் பேச ஆரம்பிச்ச இடத்துல நீ அமுக்கியிருக்கே. யாரைக் காப்பாத்துறே?"

அண்ணி அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. "சொல்லிடுங்களேன்" என்றாள் அண்ணனிடம். "எனக்கு இந்தப் பேர் வேணாங்க. சொல்லிடுங்க."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா குடையை ஊன்றிக்கொண்டு, எதுவும் புரியாதவர்போல எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா, நீங்க சொல்லுங்க" என்றான். "என்கூட வரீங்களா?"

அப்பா டேப்புவைத் திரும்பிப் பார்த்தார். "இங்கயே இருக்கேன்டா. இவ தனியா கிடக்கா. மூஞ்சியப் பாரு, எப்படி வத்திப் போயிருக்கு. இவளையும் பார்த்துக்க ஆள் வேணாமா?"

"அப்பா..."

"போய்ட்டு வா" என்றார் அப்பா, கனிவாகத்தான்.

அண்ணன் நின்றான். தங்கச்சியின் கையைப் பிடித்தான், அவள் உதறினாள். "சரி. கீழ போய் உனக்கு போன் பண்றேன். எடுத்துப் பேசு. கோபத்துல எடுக்காம இருந்துடாதே. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்." அண்ணியைத் தோளோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான். மூன்று மாடியும் அண்ணியின் விசும்பல் கேட்டது.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. டேப்பு எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சத்தத்தை அணைத்து மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள். இனி பூசி மெழுகப் போகிறான், அதைக் கேட்க இவளுக்குப் பொறுமை இல்லை. வீம்பு என்றால் நம் டேப்புவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கத்திய கத்தலில் தலை விண்விண்ணென்று தெறித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளின் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரையுமாக அப்பா வந்து நின்றார்.

"தலைவலிதானே? இந்தா."

எவ்வளவு நாள் ஆயிற்று இப்படி ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்து! டேப்புக்கு அழுகை முட்டியது. போட்டுக்கொண்டாள். அப்பா தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவரை அனுப்பாமல் வைத்துக்கொண்டது எவ்வளவு நல்லது என்று நினைத்தாள்.

கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் அட்டைப்பெட்டியைப் பிரித்து மெஷினை வெளியே எடுத்தாள். அடியில் மீந்த டிஸ்க்குகள். எல்லாம் உறை பிரிக்காதவை, ஒன்றைத் தவிர. அதன்மேல் அண்ணன் கோணல் எழுத்தில் 'வீண்' என்று எழுதி வைத்திருந்தான்.

டேப்பு அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் உள்வட்டம் கொஞ்சம் கருத்திருந்தது. ஏதோ ஏறியிருக்கிறது.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. முதல் முறை கைவைக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். டிஸ்க்கில் ஏற்றினால் மட்டும் போதாது, கடைசியில் ஃபைனலைஸ் செய்து மூட வேண்டும். மூடாத டிஸ்க்கை வேறு எந்த பிளேயரில் போட்டாலும் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும். அண்ணன் முதலில் மெஷினை ஓடவிட்டுவிட்டு எங்கோ போயிருக்கிறான். வந்து, வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்திருக்கிறான். பாடவில்லை. கெட்டுப்போயிற்று என்று ஒதுக்கிப் போட்டுவிட்டு, கேசட்டை ஒருதரம் முழுசாகக் கேட்டிருக்கிறான்; அப்புறம் மூடவும் கற்றுக்கொண்டு, இரண்டாவது முறை பக்கத்தில் உட்கார்ந்தே ஏற்றியிருக்கிறான். அப்போதுதான் விரல் ஃபேட் பொத்தானுக்குப் போயிருக்கிறது.

ஆனால் மூடாத டிஸ்க், ஏற்றிய மெஷினில் ஜோராகப் பாடும். அது அவனுக்குத் தெரியாது.

அதை மெஷினுக்குள் தள்ளினாள். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு பச்சை எழுத்தில் காட்டியது: பதிமூன்று டிராக். நாற்பத்தைந்து நிமிடம்.

"மாட்டினேடா அண்ணா" என்று சொல்லிக்கொண்டே ஹெட்ஃபோனை மாட்டி, ஏழாவதுக்குப் போனாள்.

"...பாவம், வாயில்லாப் பூச்சி. அவளைப் பார்த்தா எனக்கு என் பொண்ணு மாதிரிதான் இருக்கு" என்றாள் அம்மா. "யாரு? ஓ, நீங்களா?"

கதவுச் சத்தம். செருப்புச் சத்தம்.

"மாத்திரை" என்றது ஒரு குரல். அப்பாவின் குரல்.

"நீங்க நடக்கப் போகலியா?"

"போட்டுக்கோ முதல்ல."

தண்ணீர் குடிக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்தது. மின்விசிறி தேயவில்லை, கடகடவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு பேச்சில்லை. மெஷின் எட்டு என்று நம்பர் போட்டது.

எட்டில் அம்மா ஏதோ சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி கதவு.

"மாத்திரை போடலையே நீ."

"இப்பத்தானே கொடுத்தீங்க?"

"போடலை. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். உனக்குத்தான் எல்லாம் மறந்து போகுதே."

"இல்லீங்க, இப்பத்தான்..."

"போட்டுக்கோ."

அம்மா எதிர்த்துப் பேசிப் பழகாதவள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மௌனம். மெஷின் ஒன்பது என்றது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நம்பர் ஏறிக்கொண்டே போனது. அப்பா இன்னும் இரண்டு முறை வந்தார். நான்காவது முறை அம்மா எதுவும் கேட்கவில்லை. "சரி, கொடுங்க" என்றாள். "எனக்குத்தான் மறந்திருக்கும்." அந்தக் குரலில் அவ்வளவு அலுப்பு. பதிமூன்றில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் 'டக்'.

டேப்பு மெஷினை நிறுத்தினாள். அழுகைகூட வரவில்லை. அம்மா கணக்குத் தப்பவில்லை. அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. தெரிந்தே செய்தாரா, மறந்துபோய்ச் செய்தாரா? தான் நடக்கப் போனதாக நம்புகிறாரா, நடிக்கிறாரா? அண்ணனுக்கும் இதுதான் தெரியாமல் இருந்திருக்கிறது. அதனால்தான் யாரிடமும் சொல்லாமல், தன் கண்முன்னால் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று கூட்டிப்போக வந்திருக்கிறான். அவனைத்தான் அவள் விரட்டிவிட்டாள். அண்ணியை என்னவெல்லாம் சொல்லிவிட்டாள், ஐயோ!

இழுப்பறைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்க ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

பின்னால் செருப்புச் சத்தம்.

திரும்பினாள். அப்பா நின்றார். ஒரு கையில் தம்ளர், மறு உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை. முகத்தில் கனிவைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"தலைவலின்னியே. இந்தா."

"போட்டுட்டேன்ப்பா." தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "இப்பத்தானே கொடுத்தீங்க."

"போடலைமா" என்றார் அப்பா. "நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

டேப்பு அந்தக் கண்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். பொய் இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் அதுவும் தெரியும் என்று நினைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாசல் கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

போன் அதிர்வது நின்றது. அப்பா இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"வாயைத் திற."